ஜிஎஸ்எம் முதல் இன்ஸ்டாகிராம் வரை: திருப்பூர் தினமும் பேசும் ஒரு கிரேக்கச் சொல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிடத்தில் காதில் விழும் வார்த்தை ‘ஜிஎஸ்எம்’. “இது என்ன ஜிஎஸ்எம்?” “180 கேட்டாங்க, 165தான் வருது” என்று நிட்டிங், டையிங், கட்டிங் என எல்லா இடத்திலும் இதே பேச்சுதான்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே ஜிஎஸ்எம். அளப்பது ரொம்ப சிம்பிள். சுமார் 11.3 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால், சரியாக 100 சதுர செ.மீ. துண்டு ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வரும் எடையை 100-ஆல் பெருக்க வேண்டும். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். அவ்ளோதான்.

ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் பெரிய பணம் இருக்கிறது. 180-க்குப் பதில் 165 என்றால் துணியில் 8 சதவீதம் நூல் குறைவு என்று அர்த்தம். பையர்கள் பொதுவாக ஏற்கும் 5 சதவீத ஏற்ற இறக்கத்தில் இது அடங்காது. விலையைக் குறைக்கச் சொல்லலாம், சரக்கையே வேண்டாம் என்றும் சொல்லலாம். 195 ஆகப் போனால் கூடுதல் நூலின் செலவு கம்பெனி தலையில். துணியை இழுத்து ஃபினிஷிங் செய்தால் ஜிஎஸ்எம் குறையும், துவைத்துச் சுருங்கினால் ஏறும். அதனால்தான் துணியை விரித்து ஓய்வெடுக்க விட்டு அளக்கச் சொல்கிறார்கள்.

சரி, இதில் கிரேக்கம் எங்கே வருகிறது?

‘கிராம்’ என்ற சொல்லில்தான். கிரேக்க மொழியில் ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். அதற்கும் முந்தைய பொருள் கீறுதல். அதிலிருந்து வந்த ‘கிராம்மா’, எழுதப்பட்டது, எழுத்து என்ற பொருள் தரும். ஒரு அவுன்ஸில் 24-ல் ஒரு பங்கான சின்ன எடைக்கும் அதே பெயர் இருந்தது. 1795-ல் பிரான்ஸ் புதிய அளவை முறையைக் கொண்டுவந்தபோது அந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆக, ஜிஎஸ்எம்மில் உள்ள ‘ஜி’ ஒரு காலத்தில் ‘எழுத்து’.

இங்கே ஒரு எச்சரிக்கை. மளிகைக் கடையில் ‘பெங்கால் கிராம் 500 கிராம்’ என்று எழுதியிருக்குமே, அந்த இரண்டு கிராமுக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது, தானியத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது.

கட்டிங் டேபிளைத் தாண்டி பிரிண்டிங்குக்குப் போனால் அங்கேயும் இதே வேர்தான். ‘கிராஃபிக் டீ’ என்று ஆர்டர் ஷீட்டில் வருவது படமோ வாசகமோ அச்சிட்ட டி-ஷர்ட். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு ஓவிய உலகில் ‘செரிகிராஃபி’ என்று பெயர். ‘செரி’ என்பது பட்டு. முன்பு ஸ்கிரீனில் பட்டுத்துணி கட்டினார்கள், இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர் வலை. பிராண்ட் டேக்கில் மின்னும் ஹாலோகிராம், அந்த டி-ஷர்ட்டை விற்கும் இன்ஸ்டாகிராம் எல்லாம் அதே குடும்பம். ‘இன்ஸ்டன்ட்’, ‘டெலிகிராம்’ இரண்டையும் ஒட்டவைத்து 2010-ல் வைத்த பெயர் அது.

ஃபேஷன் ஆட்களுக்குப் பிடித்த ‘கிளாமர்’ கூட இந்த வீட்டுப் பிள்ளை என்றால் நம்புவீர்களா? எழுத்துக் கலையைக் குறித்த ‘கிராமர்’தான் ஸ்காட்லாந்தில் வாய்மாறி ‘கிளாமர்’ ஆனது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மந்திரமும் அறிந்தவர் என்று சாமானியர்கள் நினைத்த காலம். முதலில் மாயவித்தை, பிறகு மயக்கும் அழகு.

தமிழ் இந்தச் சொற்களை எப்படி எடுத்துக்கொண்டது என்பது தனி சுவாரஸ்யம். கிரேக்க வேர்கள் டெலிகிராமை ‘தொலைவிலிருந்து எழுதியது’ என்கின்றன. தமிழோ எழுத்தை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து ‘தந்தி’ என்றது. ஃபோட்டோகிராஃப், வேர்ப்படி ‘ஒளியால் எழுதியது’. நம் வழக்கில் அது ‘புகைப்படம்’. வேரோடு ஒத்துப்போகும் சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. ‘வரை’ என்பதும் ஓவியம், கடிதம் இரண்டுக்கும் பொருந்தும். மேப்புக்கு ‘வரைபடம்’ என்கிறோம்.

‘கிராஃபிட்டி’யும் இதே வேரில் வந்து, இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. டி-ஷர்ட் டிசைனில் அது தெருச்சுவர் ஓவியம். தொல்லியலில் அது பானை ஓடுகளில் கீறிய குறியீடு. அப்படிப்பட்ட ஓடுகளைப் பார்க்க நொய்யல் ஆறு திருப்பூரைக் கடந்து போகும் திசையில் போனாலே போதும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், ஆற்றின் வடகரையில் நடந்த அகழாய்வுகளில் கீறல் குறியீடுகளோடு தமிழ்பிராமியில் ஆட்பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் ‘கொடுமணம்’ இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதே ஊர் மண்ணில் நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன.