குழாய் மாற்றும் யந்திரம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையில் எங்கே துளைத்தாலும் தட்டுப்படுவது கருங்கல்லேயாதலால், படிவுப் பாறைகளில் தங்கும் பெட்ரோலியத்தை இப்பிரதேசத்தில் எவரும் தேடுவதில்லை. ஆயினும், தண்ணீரைத் தேடி 1,000 அடிக்கு மேலும் இறங்குகிற திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளைக் கண்டவர்களுக்கு, எண்ணெய்க் கிணற்றின் பிரதான சங்கடம் எளிதில் விளங்கும். பின்னால் வரும் லாரியில் அடுக்கியுள்ள 20 அடி ராடுகளை ஒவ்வொன்றாக வின்ச்சில் தூக்கி, மரை பொருத்தி இறக்க வேண்டும். 1,000 அடிக்கு 50 ராடு. வேலை முடிந்தபின் அத்தனையும் கழற்றியாக வேண்டும்.

எண்ணெய்க் கிணற்றிலோ ஒரு குழாய் சுமார் 30 அடி. மூன்றை ஒன்றாக இணைத்து, கிணற்றின்மேல் நிற்கும் கோபுரத்தினுள் நிறுத்துவார்கள். 3,000 மீட்டர் ஆழத்தில் குழாயின் நுனியிலுள்ள பிட் என்னும் துளைப்பான் தேய்ந்துவிட்டால், அதை மாற்றும் பொருட்டு இத்தகைய இணைப்புகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வெளியே எடுத்து, மறுபடியும் பூட்டி இறக்க வேண்டும். உயரத்திலுள்ள பலகையில் ஒருவர் நின்று குழாயின் தலையை ஒதுக்க, கீழே சேறு வழுக்கும் தளத்தில் தொழிலாளர் குழாயில் சங்கிலி சுற்றி முடுக்குவதும், பெரிய இடுக்கி பூட்டித் திருகுவதுமே பழைய முறை. அச்சங்கிலிக்கு விரல்களைப் பறிகொடுத்தவர் உலகெங்கும் உண்டு.

1970களில் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்த யந்திரக் கை, கீழ்க் குழாயை ஒரு பிடியால் இறுக்கிக்கொண்டு, மேல் குழாயை மறுபிடியால் சுழற்றி, அளந்த முறுக்கு விசையில் பூட்டுகிறது. முறுக்கு மிகுந்தால் மரை கெடும். குறைந்தால் இணைப்புக் கசியும். குழாயைத் தரையிலிருந்து ஏற்றவும் கோபுரத்தில் அடுக்கவும் வேறு கரங்கள் பின்னர் வந்தன. ஓசூர்த் தொழிற்சாலையில் ரோபோவைக் கண்டவர் இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அங்கே பொருள் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இங்கே சேறு அப்பிய குழாய், அதிரும் தளத்தின்மேல் ஊசலாடிக்கொண்டு வருகிறது.

இத்தகைய கரங்கள் இந்தியாவிலும் வந்துவிட்டன. எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்காக மேகா இன்ஜினியரிங் நிறுவனம் அளிக்க ஒப்புக்கொண்ட 47 துளையிடும் ரிக்குகளில் முதலாவது, 2021 ஏப்ரலில் குஜராத்தின் கலோலில் வேலை தொடங்கியது. ஹைட்ராலிக் விசையால் இயங்கும் அது 4,000 மீட்டர் ஆழம் வரை துளைக்கும் திறனுள்ளது. வேகத்தையே இத்தகைய ரிக்குகளின் பெருமையாகச் சொல்கிறார்கள். குழாய்கள் கூடுமிடத்தில் மனிதன் கை வைக்க வேண்டாத நிலையே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

போர்வெல் வண்டிக்கும் ராடு மாற்றும் சுழல் அடுக்கு உண்டு. ஆனால் லாரிமேல் நிற்கும் கம்பம் தாங்கக்கூடிய பாரத்துக்கு எல்லையிருப்பதால், அதில் சில ராடுகளே கொள்ளும். நீர்மட்டம் இறங்க இறங்க, மிச்சமுள்ளவற்றைத் தூக்கும் வேலை கூலியாட்களின் தோளில்தான் கூடிக்கொண்டு போகிறது.