வெற்றியை அளக்கும் மரக்கால்

காவிரியின் கடைமடையாகிய இந்தக் காரைக்காற் பகுதியில் நெல்லளக்கும் முறையை அறியாதவர் இலர். ஒருவர் தம் களத்தில் பத்து மரக்கால் என்கிறார். மற்றொருவர் எட்டு மரக்கால் என்கிறார். எவர் குவியல் பெரிது? "மரக்காலைக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன்" என்பார் அனுபவம் மிக்க பெரியவர். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டிருந்த காலத்தின் அறிவு அது. மோட்டார்ப் பந்தய வீரர்களை ஒப்பிடுவோருக்கும் அவ்வறிவு வேண்டும்.

அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டு தோன்றிய நாஸ்கார் என்னும் சங்கம், விற்பனைக் கார்களின் உருவில் அமைந்த வண்டிகளைக் கொண்டு பந்தயம் நடத்துகிறது. அதன் தலையாய பிரிவில் ஏழு முறை சாம்பியன் பட்டம் பெற்றோர் மூவர்: ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜிம்மி ஜான்சன். ஏழும் ஏழும் சமம் என்று கணக்கு சொல்லும். ஆனால் அளந்த மரக்கால்கள் வேறு.

பெட்டி 1967-இல் தாம் ஓட்டிய 48 பந்தயங்களில் 27-இல் வென்றார். ஜான்சன் ஓராண்டில் அதிகமாக வென்றது 2007-இல். 36 பந்தயங்களில் 10. இதனால் ஜான்சன் தாழ்ந்தவரா? அன்று. பெட்டியின் காலத்தில் பல பந்தயங்கள் சிறிய ஓடுபாதைகளில் நடந்தன. முன்னணி வீரர் அனைவரும் ஒவ்வொன்றிலும் கலந்துகொள்ளவில்லை.

எர்ன்ஹார்ட் பெற்ற ஏழு பட்டங்களும் 1975 முதல் 2003 வரை நிலவிய ஒரே முறையில் கிடைத்தவை. அம்முறையில் முதலிடத்திற்கு 175 புள்ளிகள், இரண்டாமிடத்திற்கு 170. சிறப்புப் புள்ளிகள் சில உண்டெனினும், வெற்றியைவிட வழுவாது முடிப்பதே பெருமதிப்புப் பெற்றது. ஆகவே 2003-இல் மாட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் பட்டம் பெற்றார். எட்டு வெற்றி கண்ட ரையன் நியூமன் ஆறாமிடம் அடைந்தார். மறு ஆண்டே விதி மாறிற்று. முன்னணியினரின் புள்ளிகளைத் திருத்தியமைத்து, இறுதிப் பத்துப் பந்தயங்களில் பட்டத்தை முடிவு செய்தனர். ஜான்சனின் பட்டங்கள் யாவும் அதன் பின்னர் வந்தவை.

பழைய முடிவுகளைப் புதிய விதியால் மீண்டும் கணக்கிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது எளிது; ஆனால் நீதியன்று. கென்செத் தம் காலத்து விதியை அறிந்தே வண்டி ஓட்டினார். வெற்றிக்கே பரிசு என்று முன்பே சொல்லியிருந்தால், அவர் வேறு விதமாக ஓட்டியிருப்பார். விதி மாறினால் வீரரின் துணிவும் நிதானமும் மாறும்.

நம்மவர் ஒருவரை நினையுங்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயங்களிலும் ஓட்டியவர். அவர் 2005-ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில், அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் நான்காமிடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். டயர் பற்றிய அச்சத்தால் பதினான்கு கார்கள் விலக, ஆறு கார்களே ஓடின. அதனால் அது வெற்றுப் புள்ளி என்று இகழ்வாருண்டு. அதே நான்காமிடத்திற்கு 2002-இல் 3 புள்ளிகளே கிடைத்திருக்கும். 2010-இல் 12 கிடைத்திருக்கும். எண் மாறினும் செயல் மாறவில்லை. ஆறு கார்களே ஓடின என்பதும் மெய். பந்தயம் முடியும்வரை ஓட்டி இருவரை முந்தி முடித்தார் என்பதும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆகவே நேயர்களே, சாம்பியன்களை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். எத்தனை பந்தயங்களில் எத்தனை வெற்றி? எதிரில் நின்றவர் யார்? அக்காலத்து விதி எதைப் போற்றியது? இவற்றுக்கு விடை கண்ட பின்னும் முதல்வர் யார் என்பது துலங்காமற் போகலாம். ஆயினும் எவருக்கும் அநீதி இழையோம். மரக்காலைப் பாராமல் குவியலைக் குறை கூறோம்.