எண்ணெய்க் கொதிகலனிலிருந்து ஹீட் பம்புக்கு: மெய்ன் மாநில மானியங்கள் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கனடாவை ஒட்டி அமைந்துள்ள மெய்ன் மாநிலத்தில் ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அதன் வடகோடியிலுள்ள அரூஸ்துக் கவுண்டியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸையும் தாண்டி இறங்குவதுண்டு என்பதால், வீட்டைச் சூடாக வைத்திருப்பது அங்கே உணவுக்கு இணையான அடிப்படைத் தேவையாகும். இயற்கை எரிவாயுக் குழாய்கள் பெரும்பாலான ஊர்களை எட்டாத நிலையில், பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் அடித்தளத்தில் வைத்த கொதிகலனில் எண்ணெயை எரித்தே சூடேற்றப்பட்டு வந்துள்ளன. அந்நாட்டில் வேறெந்த மாநிலமும் வீட்டுச் சூட்டுக்காக எண்ணெயை இந்த அளவுக்கு நம்பியிருக்கவில்லை. அத்தகைய மாநிலம், 2025ஆம் ஆண்டுக்குள் ஒரு லட்சம் ஹீட் பம்புகளைப் பொருத்துவது என்று 2019இல் சட்டப்படி இலக்கு வகுத்து, அதனை 2023 ஜூலையிலேயே எட்டியது. அதனைத் தொடர்ந்து, 2027க்குள் மேலும் 1,75,000 கருவிகள் என்ற புதிய இலக்கை ஆளுநர் ஜேனட் மில்ஸ் அறிவித்தார். இந்த வேகத்துக்குக் கருவியின் திறன் ஒரு காரணமென்றால், மானியம் வடிவமைக்கப்பட்ட விதம் அதற்குச் சற்றும் குறையாத மற்றொரு காரணம்.

கருவியின் இயக்கமும் கணக்கும்

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. தமிழகத்து வீடுகளில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் ஸ்பிளிட் ஏசி எந்த முறையில் இயங்குகிறதோ, அதே முறையைத் திசை மாற்றிப் பயன்படுத்துவதுதான் இதன் அடிப்படை. உறைநிலைக்குக் கீழான காற்றிலும் வெப்ப ஆற்றல் எஞ்சியிருக்கிறது. அக்காற்றைவிடக் குளிர்ந்த நிலையில் குழாயில் ஓடும் குளிர்பதனப் பொருள் அந்த வெப்பத்தை உறிஞ்சி ஆவியாக, கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூட்டை உயர்த்த, வீட்டுக்குள் அது மீண்டும் திரவமாகும்போது வெப்பம் அறையில் பரவுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்ற விகிதத்தைச் செயல்திறன் கெழு என்பார்கள். மிதமான குளிரில் 3, 4 என இருக்கும் இக்கெழு, குளிர் கடுமையாகும்போது குறைகிறது; உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும் அது 1.75க்குக் குறையாமல் இருந்தால்தான், கடுங்குளிருக்கு ஏற்ற கருவி என்ற எனர்ஜி ஸ்டார் தரச்சான்று கிடைக்கும்.

இதனைப் பணக்கணக்காக மாற்றுவது கடினமன்று. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், எண்ணெயில் ஏறத்தாழ 40 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. 85 விழுக்காடு திறனுள்ள கொதிகலன் அதில் 34 யூனிட்டை வெப்பமாக வீட்டுக்குத் தரும். பருவம் முழுவதற்குமான சராசரிக் கெழு 2.5 எனக் கொண்டால், ஹீட் பம்ப் அதே வெப்பத்தைச் சுமார் 14 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடுகிறது. ஆகவே, ஒரு கேலன் எண்ணெயின் விலையையும் 14 யூனிட் மின்சாரத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தக் குடும்பமும் தன் லாப நட்டத்தைத் தானே கணித்துக்கொள்ளலாம். உக்ரைன் போரை அடுத்து 2022இல் மெய்னில் எண்ணெய் விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது அக்கணக்கு ஹீட் பம்பின் பக்கம் பெரிதும் சாய்ந்தது. எண்ணெய் மலிந்து மின்கட்டணம் ஏறும் ஆண்டுகளில் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

மானியம் யாருடைய பணம்?

மாதாந்திரச் செலவு குறைந்தாலும், வீடு முழுவதற்கும் கருவி பொருத்த முதலில் பல ஆயிரம் டாலர் வேண்டியிருப்பதே பெரும்பாலான குடும்பங்களைத் தயங்க வைக்கிறது. அத்தயக்கத்தைப் போக்குவதற்கான மானியத்தை மெய்னில் வழங்குவது, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எஃபிஷியன்சி மெய்ன் டிரஸ்ட் என்ற பொது அமைப்பு. சென்ட்ரல் மெய்ன் பவர், வெர்சன்ட் பவர் ஆகிய மின்நிறுவனங்களின் நுகர்வோர் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்தும் தொகை, மின்நிலையங்களுக்கான கரியமில வாயு உரிமங்களை வடகிழக்கு மாநிலங்கள் கூட்டாக ஏலம் விடுவதில் கிடைக்கும் பங்கு, மின்தேவையைக் குறைத்துத் தருவதற்காக வட்டார மின்சந்தை அளிக்கும் தொகை ஆகியவை அதன் முக்கிய வருவாய்கள். மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவரின் பணமும் இதில் கலந்திருப்பதால், அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்கும் உரிமையும் அவர்கள் அனைவருக்கும் உண்டு.

தொடக்கத்தில் மானியம் ஒரு கருவிக்கு இவ்வளவு என்ற முறையில் வழங்கப்பட்டதால், பல வீடுகளில் கூடத்தில் மட்டும் ஒரு ஹீட் பம்ப் ஏற, கொதிகலனும் கூடவே எரிந்துகொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் இம்முறை மாற்றப்பட்டு, வீட்டின் வெப்பத்தேவையில் பெரும்பகுதியை ஹீட் பம்பே ஏற்கும் அமைப்புகளுக்கு மானியம் என்பதோடு, வருமானத்துக்கேற்ற மூன்று படிநிலைகளும் வகுக்கப்பட்டன. அப்போது உச்சவரம்பு எல்லோருக்கும் 4,000 டாலர், நடுத்தர வருமானத்தினருக்கு 6,000 டாலர், குறைந்த வருமானத்தினருக்கு 8,000 டாலர் என்றிருந்தது. ஓர் எடுத்துக்காட்டாக, 14,000 டாலர் செலவாகும் வீட்டில் உச்சவரம்பு முழுவதும் கிடைக்குமானால், வசதியுள்ள குடும்பம் 10,000 டாலரும் ஏழைக் குடும்பம் 6,000 டாலரும் தன் கையிலிருந்து தரவேண்டியிருக்கும். இத்தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வரிச்சலுகையின் குறை

இதற்கு மாறான வடிவத்தை மத்திய அரசின் வரிச்சலுகையில் காணலாம். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, 2023 முதல் ஹீட் பம்ப் பொருத்தியவர் செலவில் 30 விழுக்காட்டை, ஆண்டுக்கு 2,000 டாலர் என்ற வரம்புக்குள், தமது வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. மின்நிறுவன மானியம் பெற்றிருந்தால், அதைக் கழித்த பிறகு எஞ்சும் செலவுக்கே இந்த விழுக்காடு பொருந்தும். ஆனால் இச்சலுகை வரியைக் குறைக்குமே தவிர, வரிக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தராது. ஆகவே, வரி செலுத்தும் அளவுக்கு வருமானமில்லாத முதியவருக்கு அதனால் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. முழுப் பயனும் வரி செலுத்துவோருக்கே சென்றது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இச்சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்தது. தொகையின் அளவைவிட அது தரப்படும் வடிவமே பயனாளி யாரென்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முறைப்படி செய்தல்

மானியத்தை முன்வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது தவறான வரிசை. முதலில் வீட்டின் காற்றுக்கசிவுகளை அடைத்து, மேற்கூரைக்கும் அடித்தளத்துக்கும் வெப்பக்காப்பு இடவேண்டும். மெய்னில் இதற்கும் தனி மானியம் உண்டு. கசிவு குறைந்தால் வெப்பத்தேவை குறையும், சிறிய கருவியே போதுமானதாகும். அடுத்து, சுவர், சன்னல், கூரை ஆகியவற்றின் வழியே கடுங்குளிர் நாளில் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்று அறை அறையாகக் கணக்கிட்ட பிறகே கருவியின் அளவை முடிவு செய்யவேண்டும். தேவைக்கு மேல் பெரிய கருவி அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தை விரயமாக்கும். சிறிய கருவியோ சனவரி இரவில் ஈடுகொடுக்காது.

பொருத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். வெளியலகைத் தரையில் வைத்தால் பனி மூடிக் காற்றோட்டம் தடைபடும் என்பதால், பனி தேங்கும் உயரத்துக்கு மேலே தாங்கியில் நிறுத்தவேண்டும். சுருள்களில் படியும் உறைபனியை உருக்கக் கருவி தானாகவே சில நிமிடம் திசைமாறி இயங்கும். அப்போது வெளியலகிலிருந்து எழும் நீராவியைக் கண்டு பழுதென அஞ்ச வேண்டியதில்லை. மானிய விண்ணப்பத்துக்குத் தகுதிப் பட்டியலிலுள்ள மாதிரியா, பொருத்துநர் பதிவு பெற்றவரா என்பவற்றை முன்கூட்டியே சரிபார்த்து, விவரமான ரசீதையும் பத்திரப்படுத்தவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், செலவழித்த பிறகு மானியம் மறுக்கப்படும் ஆபத்து உண்டு.

எஞ்சியிருக்கும் பெரிய சிக்கல் வாடகை வீடுகளுடையது. அங்கே கருவி வாங்கும் முடிவு உரிமையாளருடையதாகவும், சூட்டுக்கான செலவு பெரும்பாலும் குடியிருப்போருடையதாகவும் இருப்பதால், மின்கட்டணத்தின் வழியே நிதிக்குப் பங்களிக்கும் குடியிருப்போர் அதன் பயனைத் தாமாகப் பெற வழியில்லை. மத்திய அரசின் வரிச்சலுகை விலகிக்கொண்ட இந்நிலையில் மாநில மானியமே முதன்மைத் துணையாகிறது. ஆகவே, வருமானப் படிநிலையோடு நின்றுவிடாமல், வாடகை வீடுகளை நேரடியாக எட்டும் வகையிலும் அதனை விரித்தமைப்பதே நியாயமாகும். எல்லோரிடமும் திரட்டப்படும் பணம், எண்ணெய் விலையேற்றத்தைத் தாங்க இயலாத வீடுகளுக்கு முதலில் சென்று சேரவேண்டும். எத்தனை கருவிகள் பொருத்தப்பட்டன என்பதோடு, எத்தனை எளியவர்களின் வீடுகளில் பொருத்தப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தே இத்திட்டத்தின் வெற்றி மதிப்பிடப்படவேண்டும்.