சிலிண்டர் வளையத்தின் உள்பக்கம்

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேர்கிறது. அங்கே சுடலைமாடன் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் பொங்கலிட்டு, கிடா வெட்டி, அங்கேயே ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பும். முன்பெல்லாம் கல் கூட்டி விறகு வைத்தார்கள். இப்போது அண்டா, கரண்டி, அரிசி மூட்டையோடு கேஸ் சிலிண்டரும் வேனில் ஏறிவிடுகிறது. குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போகிற வேன்களிலும் இதே ஏற்பாடுதான். அந்தச் சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டியது எப்போது, அதில் கேஸ் நிரப்பியது யார் என்று வேன் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சிலிண்டரிலேயே எழுதியிருக்கிறது.

தலைப்பக்கத்து வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று பட்டைகளைக் குனிந்து பாருங்கள். ஒன்றின் உள்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் பெயின்டில் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஏப்ரல் முதல் ஜூன். சி ஜூலை முதல் செப்டம்பர். டி அக்டோபர் முதல் டிசம்பர். எண், ஆண்டைக் குறிக்கும். ‘பி-27’ என்றிருந்தால் 2027 ஜூன் முடிவதற்குள் அது சோதனைக்குப் போயாக வேண்டும். இதை ‘எக்ஸ்பயரி தேதி’ என்று பலரும் சொல்கிறார்கள். கேஸ் கெட்டுப்போகும் நாள் என்று இதற்குப் பொருளில்லை. இரும்புக் கூட்டைச் சோதிக்க வைத்த கெடு இது. கெடு தாண்டிய சிலிண்டரை டெலிவரி செய்பவர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். அது நம் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

புதுச் சிலிண்டருக்கு முதல் சோதனை 10 ஆண்டில். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ என்னும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிலையங்களில்தான் இதைச் செய்ய வேண்டும். மிச்ச கேஸை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, துரு, பள்ளம், கீறல் இருக்கிறதா என்று உள்ளும் புறமும் பார்ப்பார்கள். பிறகு முழுக்கத் தண்ணீர் நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் ஏற்றுவார்கள். நம் ஊர் வெயிலில் சிலிண்டருக்குள் சாதாரணமாக இருக்கிற அழுத்தத்தைப் போல இது பல மடங்கு. காற்றை ஏற்றாமல் தண்ணீரை ஏற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றை அமுக்கி அடைத்த கலம் கிழிந்தால், அடைபட்ட காற்று ஒரே நொடியில் விரிந்து வெடிக்கும். தண்ணீரை அப்படி அமுக்க முடியாது. அதனால் கூடு கிழிந்தாலும் தண்ணீர் பீறிட்டுக் கொட்டுவதோடு சரி. பக்கத்தில் நிற்பவர் பிழைத்துக்கொள்வார். தேறிய சிலிண்டர் புது பெயின்டோடும் புதுத் தேதியோடும் திரும்பி வரும். தேறாததை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி நசுக்கிவிடுவார்கள்.

அமெரிக்காவில் சுற்றுலா வண்டிகளில் வைக்கிற புரொப்பேன் சிலிண்டர் பெரும்பாலும் வாங்கியவருக்கே சொந்தம். முதல் 12 ஆண்டு கழிந்ததும் அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனைச் சான்று வாங்க வேண்டும். இல்லையென்றால் கேஸ் நிரப்ப மாட்டார்கள். நம் நாட்டில் நாம் கட்டுவது டெபாசிட் மட்டும். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது, சோதிக்கிற பொறுப்பும் அவர்களுடையது. காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்குகிறோம். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

இந்த ஏற்பாட்டுக்குள் வராத சிலிண்டர் ஒன்று இருக்கிறது. பாத்திரக்கடையிலும் ஸ்டவ் ரிப்பேர் கடையிலும் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் விற்கும் சின்னச் சிலிண்டர்தான் அது. தலையிலேயே பர்னரைத் திருகிக்கொள்ளலாம், வேனில் இடம் அடைக்காது. ஆனால் அதற்குச் சோதனைத் தேதி கிடையாது, அதைத் திரும்ப வாங்கிச் சோதிக்க ஒரு நிறுவனமும் கிடையாது. கேஸ் தீர்ந்தால் கடைக்காரர் பெரிய சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, டியூப் மாட்டி, சத்தத்தைக் கேட்டே அளவு சொல்லி அடைத்துத் தருவார்.

உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். சூடு ஏறினால் அது நன்றாக விரியும். அதனால்தான் 33.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ மட்டும் எடைபோட்டு நிரப்புகிறார்கள். அந்தத் திரவத்துக்கு மேலே கணிசமான இடம் மிச்சம் இருக்கும். தராசே இல்லாமல் கழுத்துவரை அடைத்த சிலிண்டரைச் சித்திரை வெயிலில், கண்ணாடி ஏற்றிய வேனில் வைத்தால், திரவம் விரிய இடமின்றி இரும்பையே தள்ளும். அங்கிருந்து அழுத்தம் ஏறுகிற வேகம் பயங்கரமானது. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடையில் கேஸ் மாற்றுவதைச் சட்டம் தடுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

விசேஷச் சமையலில் கண்ணெதிரே நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரிய அடுப்பில் பிரியாணி வேகும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து நனைந்திருக்கும். திரவம் கொதித்து ஆவியாகச் சூடு தேவை. அதை இரும்பிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் அது எடுத்துக்கொள்வதால் அந்தப் பகுதி ஜில்லென்று குளிர்கிறது. ஈரம் எதுவரை நிற்கிறதோ, உள்ளே திரவம் ஏறத்தாழ அதுவரை இருக்கிறது. கேஸ் குறையும்போது ஆவியாவதும் மெதுவாகி, தீ சோம்பும். அப்போது சிலிண்டரைப் படுக்கப் போட்டோ, வெந்நீர் ஊற்றியோ கடைசிச் சொட்டுவரை எடுக்கப் பார்ப்பார்கள். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூப் வழியாக அடுப்புக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் இருநூறு லிட்டருக்கும் மேல் ஆவியாகும் என்பதால், அப்படிக் கிளம்பும் தீயை அடுப்புக்குள் அடக்க முடியாது. கூடுதலாக ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, இந்த ஆபத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை.

வீட்டு இணைப்புச் சிலிண்டரைப் பதிவு செய்த முகவரியில் சமைக்க மட்டுமே தருகிறார்கள். பயணத்துக்கென்று முறையாக இருப்பது 5 கிலோ சிலிண்டர். இதை 2013-இல் பெட்ரோல் பங்க்குகளில் விற்கத் தொடங்கினார்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை காட்டினால் போதும். இண்டேன் இதற்குச் ‘சோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறது. தீர்ந்ததும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கண்ணாடியிழை சுற்றிய காம்போசிட் சிலிண்டரும் 5 கிலோவில் கிடைக்கிறது. எடை குறைவு, துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

ரயிலில் மட்டும் எந்தச் சிலிண்டரும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அன்று அதிகாலைதான் நாகர்கோவிலிலிருந்து நம் திருநெல்வேலி வழியாக அந்தப் பெட்டி மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சமைப்பதற்காகச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரே காரணம் என்று ரயில்வே சொன்னது. சாமி கும்பிட வந்த இடத்தில் டீ போட அடுப்பு பற்றவைப்பது நம் குடும்பங்களும் செய்கிற காரியம் என்பதால், அந்தச் செய்தியை நம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வேனில் போகிறவர்கள் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியை அழுத்தி மாட்டி, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து உருளாமல் கட்டிவிட வேண்டும். டியூபில் அச்சிட்டிருக்கிற ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பு விட்ட டியூபைத் துணி சுற்றி ஓட்ட வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வேனின் தரையிலும் சீட்டுக்கு அடியிலும் தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவுகளையும் திறக்க வேண்டும். நாற்றம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தள்ளி நின்றுகொள்ளுங்கள். செல்போனைக்கூட அங்கே போன பிறகு எடுத்து 1906-க்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்குகிற எண் அது.