ஆவாரம்பூ, தீக்குச்சி, சைக்கிள் வால்டியூப்

மகாளய அமாவாசை நெருங்கினால் போதும், சைனிக்புரியின் வீட்டு வாசல்களில் பூ வேலை தொடங்கிவிடும். செகந்திராபாத்துக்கு வடகிழக்கே, முன்னாள் படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு இது.  பூ வேலை பதுக்கம்மாவுக்காக; அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் இந்தப் பண்டிகையைத் தெலங்கானா அரசு 2014இல் மாநில விழாவாக அறிவித்தது.

கைவேலை என்று பார்த்தால், பதுக்கம்மா ஓர் அருமையான பாடம். அகலமான தாம்பாளத்தில் இலையைப் பரப்பி, அதன்மேல் ஆவாரம்பூவை வட்டமாக அடுக்குகிறார்கள். காம்பு உள்ளே, பூ வெளியே. அடுத்த வட்டம் குனுகுப்பூ. நம் வயலோரங்களில் பண்ணைக்கீரை என்று முளைக்கும் செடியின் பூதான். அதன் நுனியைச் சாயத் தண்ணீரில் முக்கி எடுக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. ஒவ்வொரு வட்டத்தையும் சற்றே சுருக்கிக்கொண்டு போனால் கோபுரம் எழும்பும். நடுவில் விழும் குழியை மிச்சமான காம்பாலும் தழையாலும் இறுக்கி நிரப்ப வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாயும். அடி அகலமாக, நடு இறுக்கமாக இருந்தால்தான் எதுவும் நிற்கும் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கண்டுகொள்கிறார்கள்.

இதே நாள்களில் தமிழ் வீடுகளில் கொலு. படிகளுக்குக் கீழே அமைக்கும் ‘பார்க்’ பிள்ளைகளின் ராஜ்ஜியம். பழைய தட்டில் மணலோ மண்ணோ பரப்பி, நான்கைந்து நாள் முன்பே கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் பச்சைப் புல்வெளி தயார். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும், கொட்டாங்கச்சி கிணறாகும், காலித் தீப்பெட்டி வீடாகும். தட்டை ஜன்னலோரம் வைத்தால் முளைகள் எல்லாம் வெளிச்சத்தின் பக்கம் சாய்வதைப் பார்க்கலாம். தட்டைத் திருப்பி வையுங்கள், மறுநாள் அவையும் திரும்பியிருக்கும். காரணத்தை உடனே சொல்லிவிடாமல், பிள்ளை கேட்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

கடைகளில் விற்கும் கைவேலைப் பெட்டிகளில் எல்லாமே அளவாக வெட்டி வந்துவிடுகிறது. ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. எதை எடுப்பது, எங்கே வெட்டுவது என்று பிள்ளை யோசிக்க அதில் இடமே இல்லை. வீட்டுச் சாமானில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது.

இதை நாடெங்கும் செய்து காட்டியவர் அரவிந்த் குப்தா. 1975இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் முடித்து, புனேயில் டெல்கோ வாகன நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்துக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் செய்முறை வழியாக அறிவியல் கற்பிக்கும் திட்டம் 1972 முதல் நடந்துகொண்டிருந்தது. வாரச்சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்டியூப் எனும் மெல்லிய ரப்பர் குழாய். தீக்குச்சி அதற்குள் கச்சிதமாக நுழைகிறது!

இந்த விளையாட்டு எந்த வீட்டிலும் நடக்கும். எரிந்த முனையைக் கிள்ளி எறிந்த குச்சிகள் போதும். மருந்து உள்ள குச்சி சிறுவர் கையில் வேண்டாம். வால்டியூபை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு. மூன்று குச்சி, மூன்று துண்டு: முக்கோணம். நான்கு குச்சி: சதுரம். இப்போது இரண்டையும் மூலையில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் நசுங்கிச் சாய்சதுரமாகிவிடும், முக்கோணம் அசையாது. ரயில் பாலத்து இரும்புச் சட்டங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் இத்தனை முக்கோணம் என்ற கேள்வி அப்போது தானாக வரும். டியூபின் நடுவில் ஊசியால் துளையிட்டு மூன்றாவது குச்சியையும் செருகக் கற்றுக்கொண்டால் பிரமிடு, பெட்டி, கூரைவீடு என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஊசி பிடிக்கும்போது மட்டும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குப்தா பின்னாளில் புனேயின் வானியல் ஆய்வு மையத்தில் சிறுவர் அறிவியல் கூடத்தில் பணியாற்றினார்; 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. நுங்கு தின்றபின் கோந்தையில் வண்டி, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி, பனையோலையில் காற்றாடி என்று தலைமுறைகளாகச் செய்துவந்தவர்கள்தாம்.

பசைக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கரண்டி மைதாவை நான்கைந்து கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் பளபளவென்று இறுகி வரும். ஆறியதும் பயன்படுத்தலாம். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சிக்கொண்டால் போதும், மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிடலாம்.