பேசியதற்கு மேற்பட்ட வேலை

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், மாதச் சம்பளம் போதாமையால் வீட்டிலிருந்தே ஒரு தொழிலும் செய்து வருகின்றனர். தையல், கணக்கெழுதுதல், மொழிபெயர்ப்பு, கணினியில் படம் வரைதல் என்று அது பலவகைப்படும். வேலை கிடைப்பதைக் காட்டிலும் கடினமானது, பேசிய வேலையோடு நிறுத்திக்கொள்வதே. கேட்பவர் அந்நியரானால் கணக்குப் பேசிவிடலாம். நம்மவரானால் நா எழுவதில்லை.

நாகபுரியில் நம் துணைவியார் சீர் பலகாரம் செய்து தருகிறார். சென்ற தை மாதம் ஒரு தமிழ்க் குடும்பத்துத் திருமணத்திற்கு லட்டு, மைசூர்பாகு, அதிரசம், முறுக்கு வகைக்கு 51, பருப்புத் தேங்காய் ஒரு ஜோடி, ஆக 9,000 ரூபாய் என்று பேச்சு. முறுக்கு எத்தனை சுற்று என்று எவரும் பேசவில்லை. நான்கு நாள் கழித்துப் பெண்ணின் தாயார் தொலைபேசியில், "முறுக்கு ஏழு சுற்றாக இருக்கட்டும், அம்மா" என்றார். அதற்குக் கைதேர்ந்த ஆள் தனியே வேண்டும். துணைவியாரோ, "பரவாயில்லை, மாமி" என்றார். அடுத்து, இன்னொரு ஜோடி பருப்புத் தேங்காய். அதற்கும் "பரவாயில்லை". முகூர்த்தத்திற்கு முதல் நாள் மாலை, ஊர் திரும்புவோருக்கென்று 40 பொட்டலம். அன்றிரவு நாமும் உட்கார்ந்து கட்டினோம். (பார்சல் கணக்கு எழுதிய கைக்கு அது புதிதன்று.) நெய், எரிவாயு, உதவிக்கு வந்த அம்மையாரின் கூலி என மேற்செலவு மட்டும் 3,200 ரூபாய். வந்த தொகை அதே 9,000. கூடவே ஒரு ரவிக்கைத் துண்டு.

அவர் ஏமாற்றினார் என்று நாம் கூறமாட்டோம். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் செலவில்லை என்றே அவர் காதில் விழுந்தது.

சட்டத்தில் இதற்கு வழியுண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆவது பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தரக் கடமைப்பட்டவர். 1944இல் வங்காளத்து ஆராம்பாக்கில் அரசாங்க அதிகாரிகள் கேட்டபடி ஒரு குத்தகைதாரர் காவலர் அறை, சமையலறை, மண்பாதை முதலியன அமைத்துக் கொடுத்தார். முறையான ஒப்பந்தமில்லை என்று அரசு வாதாடிற்று. இதே பிரிவைக் கொண்டு, பணம் தந்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1961 டிசம்பரில். பதினேழு ஆண்டுகள்! 3,200 ரூபாய்க்கு நாம் அந்தப் படி ஏற இயலுமா? மேலும், "பரவாயில்லை" என்று சொன்னபின் இலவசக் கருத்து இல்லையென்று எங்ஙனம் மெய்ப்பிப்பது?

இரயில்வேக் குத்தகை வேலைகளில் கூடுதல் வேலைக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். செய்ததை அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். வீட்டுத் தொழிலுக்கு அத்தனை சடங்கு வேண்டா. முதலில் பேசியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, பின்னர் கேட்பதற்கு அடுப்பு மூட்டுமுன் விலை சொன்னாற் போதும். மறுக்கவும் வேண்டியதில்லை. சலுகை காட்ட விரும்பினால் விலையை எழுதி, அருகில் "அன்பளிப்பு" என்று குறிக்கலாம்.

ஆவணியில் அதே மாமி தம் மகனின் நிச்சயதார்த்தத்திற்குப் பலகாரம் கேட்டார். சீட்டில் "முறுக்கு, ஐந்து சுற்று" என்று எழுதியாயிற்று. இரண்டு நாளில், ஏழு சுற்றாக்கலாமா என்று செய்தி வந்தது. "600 ரூபாய் கூடும், மாமி. செய்யட்டுமா?" என்று துணைவியார் பதில் விடுத்தார். அரை மணி நேரம் ஓசையில்லை. ஞாயிறன்று சங்கத்தில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு வந்தது பதில்: "ஐந்து சுற்றே போதும், அம்மா. லட்டில் மட்டும் முந்திரி கொஞ்சம் தாராளமாகப் போடு."