உப்புக் காற்றுக்கு எந்தப் பூட்டு?

இரும்புச் சாமான் வியாபாரத்தில் பூட்டு ஒரு சின்னப் பொருள். ஆனால் வாடிக்கையாளர் நம்மை வாழ்த்துவதும் திட்டுவதும் பெரும்பாலும் இந்தச் சின்னப் பொருளால்தான். பத்து மூடை சீமெந்து வாங்கியவர் கடையின் பெயரை மறந்துவிடுவார். நடு இரவில் மழையில் நின்றுகொண்டு திறபடாத பூட்டோடு மல்லுக்கட்டியவர், அதை விற்ற கடையை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் காலித் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து போவதுண்டு. தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து புறப்பட்டு மாலைதீவை நோக்கிப் போகிறவை பல. அவற்றில் வருகிறவர்கள் கயிறு, ஆணி, பெயின்ட் என்று கடை கடையாகத் தேடும் பட்டியலில் ஆமைப்பூட்டும் இருக்கும். அது எங்கே போடுகிற பூட்டு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், நமக்குக் காசு வரும். அவருக்குக் கஷ்டம் வரும்.

அந்தப் படகுகளில் மேல்தளத்திலிருந்து உள்ளே இறங்கும் படிவாசல் ஒன்று உண்டு. அதற்கு மேலே முன்னும் பின்னும் நழுவுகிற ஒரு மூடி. வாசலை மறைக்க ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகும் பலகைகள். மூடியில் கொண்டி, மேற்பலகையில் வளையம். இரண்டையும் சேர்த்து ஒரு பூட்டைப் போட்டால் முழுப் படகும் பூட்டியதாகிவிடும். வீட்டுக் கதவுப் பூட்டுக்கு மேலே கூரை இருக்கிறது. இந்தப் பூட்டோ வெயிலிலும் மழையிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிறது.

முதல் எதிரி கள்வன் அல்ல

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தெறிக்கும் நீர் காய்ந்தாலும் உப்பு பூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் மெல்லியவை. முதலில் போவது அவைதான். பளபளவென்று குரோம் பூசிய இரும்புப் பூட்டு கடை அலுமாரியில் அழகாக இருக்கும். பூச்சில் ஓர் ஊசிமுனை அளவு துவாரம் விழுந்தால் போதும், உள்ளிருந்து கறள் கட்டத் தொடங்கும்.

பித்தளை உடலும் இரும்பு வளைவும் கொண்ட பூட்டு நம் கடைகளில் அதிகம் விற்பது. தரைக்கு அது நல்ல பூட்டு. கடலில் அப்படியல்ல. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால் பற்றரி போல வேலை செய்யும். இரும்பு முதலில் கரையும். ஆகவே படகுக்கு பித்தளை உடலோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளைவு உள்ளதைக் கொடுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கும் கறள் பிடிக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. திறப்புத் துவாரத்துக்கு ரப்பர் மூடியும், உடலுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டு வருகிற பூட்டுகளும் உண்டு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 304 என்ற வகை சமையலறைக்குப் போதும். 316 என்ற வகையில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பைத் தாங்கும் வலு அதனால்தான். காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பித்தளை நிறம் பூசிய இரும்புப் பூட்டைக் கண்டுபிடிக்க மட்டும் காந்தம் உதவும். மொத்த வியாபாரியிடம் இலக்கத்தைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவதே வழி.

இங்கே ஓர் உண்மையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். 316 வகையைச் சூடாக்கிக் கடினப்படுத்த முடியாது. வெட்டுக் குறட்டுக்கு முன்னால் அது கடினப்படுத்திய இரும்பைப் போல நிற்காது. ஆனால் அந்த வாசலை மூடியிருப்பதே சாதாரணப் பலகை. அலவாங்கு கொண்டு வருகிற கள்வன் பூட்டை விட்டுவிட்டுப் பலகையைத்தான் உடைப்பான். பலகையை விடப் பலமான பூட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கொண்டியும் திறப்பும்

பூட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கொண்டியை மறந்துவிடுகிறார்கள். மூடிய நிலையில் ஸ்குரூத் தலை வெளியே தெரிந்தால் ஒரு ஸ்குரூட்ரைவர் போதும், பூட்டுக்கு வேலையே இல்லை. மர ஸ்குரூவுக்குப் பதில் போல்ட் போட்டு, உள்பக்கம் தகடு வைத்து நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.

படிவாசல், பக்கப் பெட்டி, வெளியிணைப்பு இயந்திரம் என்று படகில் மூன்று நான்கு பூட்டுகள் தேவைப்படும். எல்லாம் ஒரே திறப்பில் திறக்கிற தொகுதியாக எடுத்துக் காட்டினால் வாங்குகிறவருக்கும் சுகம், நமக்கும் விற்பனை. திறப்போடு ஒரு தக்கைத் துண்டைக் கட்டிக் கொடுங்கள். கடலில் விழுந்தால் மிதக்கும். இலக்கப் பூட்டுக்குத் திறப்பு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் இருட்டில் இலக்கம் தெரியாது, உப்பேறினால் வளையமும் சுழலாது.

இறுகிய பூட்டுக்குப் பென்சில் தூள் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடலில் அது கூடாது. உப்பு நீரோடு சேர்ந்தால் பென்சில் கரி உலோகத்தை இன்னும் வேகமாக அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, சிலிக்கன் ஸ்பிரே அடிப்பதே சரி.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

1979 ஓகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கரையோரமுள்ள பாஸ்ட்நெட் பாறை வரை நடந்த பாய்மரப் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 போட்டியாளர்கள் மாண்டார்கள். பின்னர் நடந்த விசாரணையில், படகுகளின் பலவீனங்களில் ஒன்றாக இந்தப் படிவாசலும் சுட்டிக்காட்டப்பட்டது. செருகுபலகை கழன்று போனால் அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். இன்று ஆழ்கடல் போட்டி விதிகள், மூடியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கவும் மூடவும் முடிய வேண்டும், பலகைகளைப் படகோடு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும் என்கின்றன.

ஆமைப்பூட்டு வெளியே மட்டும் திறக்கிற ஒன்று. ஆகவே அது கரையில் ஆளில்லாத படகுக்கு மட்டுமே உரியது. உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டைக் கொண்டியில் தொங்கவிடக் கூடாது. விளையாட்டாகவோ மறதியாகவோ ஒருவர் அமுக்கிவிட்டால், தீப்பிடித்தால்கூட உள்ளே இருப்பவர் அந்த வழியால் வெளியேற முடியாது. விற்கும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது.

வெளிநாட்டுப் படகுக்காரர் வருடத்தில் சில பேர்தான். ஆனால் இதே உப்புக் காற்றுதான் பேருவளையில் மீன்பிடிப் படகின் பெட்டியையும், கல்முனையில் கடற்கரையோரக் கடையின் ஷட்டரையும் தின்கிறது. "நானா, இதவிட மலிவா ஒண்டு இல்லையா?" என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, கடலுக்கா, கரைக்கா?" கடலுக்கு என்றால் மலிவானதை எடுத்து மேசையில் வைப்பதில்லை. ஏன் என்று விளக்கிச் சொல்வேன். சிலர் வேறு கடைக்குப் போவார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவர்களில் பலர் திரும்பி வருவார்கள். கையில் கறள் பிடித்த பூட்டும் இருக்கும்.